டம்ளரின் உள்ளடி

வாடகை வீட்டில் உட்கார்ந்து பாத்திரங்களுக்குப் பேர் வெட்டிப் பிழைத்தாள் செங்கமலம். குனிந்து குனிந்து கழுத்து விட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரர் வைரவநாதன் ஒரு மூட்டை எவர்சில்வர் டம்ளரை அவள்முன் இறக்கினார். கோயில் மண்டபத்துக்கு அவர் தரும் தானம்.

"பட்டம் பதவியோட என் பேரைப் பொடி எழுத்துல வெட்டு. வெளியே தெரிஞ்சா விளம்பரம்னு சொல்லுவாங்க. ஆனா விருந்துல காபி குடிக்கிற அத்தனை பேரும் படிக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிடு."

அங்கேயே நின்று சமையல்காரருக்குப் போன் போட்டு, காபிப் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விடச் சொன்னார்.

"சரிங்கய்யா" என்றாள் செங்கமலம், கொட்டாவி விட்டபடி.

விருந்தன்று அவளை மண்டபத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். "ஒருத்தர்கூட என் பேரைப் பத்திப் பேசலையே. எங்கே வெட்டினே?"

"டம்ளருக்குள்ளே, அடியிலங்கய்யா. வெளியே தெரியாது. காபியைக் குடிச்சு முடிக்கிறவங்க கண்ணுல படாமப் போகாது."

வைரவநாதன் திரும்பிப் பார்த்தார். இலைக்கு இலை டம்ளர்கள் முக்கால்வாசிக் காபியோடு அப்படியே நின்றன.

"காபிக்கு என்ன குறை?" என்று ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தார். இரண்டாவது மடக்கில் முகம் கோணியது.

"இன்னும் கொஞ்சந்தாங்கய்யா, பேரு வந்துடும்" என்றாள் செங்கமலம், கழுத்தைத் தடவிக்கொண்டே.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டைக் காலி பண்ணும் பேச்சையே எடுக்கவில்லை.