காதுக்குக் கதவு போன கதை

அந்தக் காலத்தில் நத்தையும் பேசும். மனிதர்களுக்குக் கண்ணில் இமை இருப்பதுபோலக் காதிலும் ஒரு தோல்கதவு இருந்தது. மாமியார் முணுமுணுத்தால் மூடிக்கொள்ளலாம். சோறு ஆச்சு என்றால் திறந்துகொள்ளலாம். ரொம்ப வசதி. அந்த வசதிதான் நஞ்சனைக் கெடுத்தது.

நஞ்சன் மலைத்தேன் எடுக்கிறவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவன். அவர்களில் ஒருவன் கயிற்றில் தொங்கிப் பாறைக்குக் கீழே இறங்கினால், மேலே கயிற்றைக் காப்பவன் அவன் மனைவியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும். தங்கை வாழ்வு போய்விடுமே என்று பயந்தாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா? இறங்கியவனை மேலிருந்து பார்க்க முடியாது. எல்லாம் காதுதான். ஒரு குரல் கொடுத்தால் கயிற்றைத் தளர்த்த வேண்டும். இரண்டு கொடுத்தால் இழுக்க வேண்டும். இடையில் தொங்குகிறவன் மச்சானைக் கேலிசெய்து பாடிக்கொண்டே இருப்பான். பாட்டு கேட்டால் ஆள் நலம்.

அன்று இறங்கியவன் நஞ்சனின் தங்கை மாதியின் புருஷன் செவணன்.

"கரடியைக் கண்டு பானையைப் போட்டு ஓடினது யாரு? என் மச்சான்தானே!" என்று பாடினான். நடந்த விஷயம்தான். பள்ளத்தாக்கே திருப்பிச் சொன்னது.

நஞ்சனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நீ பாடிக்கிட்டே கிட, மாப்பிள்ளை" என்று இரண்டு காதையும் மூடிக்கொண்டான். பாட்டு முடியும் வரைக்கும்தான் என்று நினைத்தான். மூடிய காதுக்குப் பாட்டு முடிந்தது எப்படித் தெரியும்?

பாறை விளிம்பில் பாசிக்கடியில் ஒரு நத்தை இருந்தது. கயிறு கல்லில் உரசிப் புரிபுரியாக அறுவதை அது பார்த்தது. பாட்டு நின்றதைக் கேட்டது. கீழேயிருந்து இரண்டு குரல் வந்தது. மறுபடி இரண்டு. மறுபடியும்.

"நஞ்சா, இழு!" என்று நத்தை கத்தியது. அவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நத்தை அவன் காலில் ஏறியது, முதுகில் ஏறியது. நத்தையின் அவசரம் எவ்வளவு இருக்கும்? ஆனாலும் பிறந்ததிலிருந்து அது அப்படி ஓடியதில்லை. வியர்வை வழிகிறது என்று நஞ்சன் நினைத்தான். காதுக்கு வந்ததும் நத்தை ஓட்டோடு முட்டி உள்ளே நுழைந்தது. கதவு கிழிந்தது. வலியோடு, கீழேயிருந்து ஒரு குரலும் வந்தது. இரண்டு குரல் கொடுக்கச் செவணனிடம் மூச்சில்லை.

"இழு!" என்று நத்தை காதுக்குள் கத்தியது. நஞ்சன் இழுத்தான். முகமெல்லாம் தேனீக் கொட்டு வாங்கி வீங்கிய செவணன் விளிம்பில் வந்து விழுந்தபோது, கயிற்றில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு புரி.

அன்று மாலை மாதி புருஷன் முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, இவரு எத்தனை தடவை கூப்பிட்டாரு?"

"எனக்குக் கேட்டது ஒண்ணுதான், மாதி."

செவணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நஞ்சன் வெளியே போய், மிச்சமிருந்த காதுக்கதவையும் தன் கையாலேயே பிய்த்து எறிந்தான்.

"நீ உள்ளேயே இருந்துடு. நான் தூங்கினாலும் நீ தூங்காதே" என்று நத்தையைக் கெஞ்சினான்.

"என் வீடு நிறையத் தண்ணி வேணும். சத்தம் வந்தா தண்ணி அசையும், அதுல பாசிமாதிரி இருக்கிற மயிர் சாயும், எனக்குத் தெரிஞ்சிடும். உன் தலைக்கு எப்படிச் சொல்றது?"

நஞ்சன் அறாமல் நின்ற அந்தக் கடைசிப் புரியைக் கொண்டுவந்தான். ஒரு முனையை நத்தையிடம் கட்டினான். மறுமுனையை மூளையில் கட்டினான். அதைத்தான் நரம்பு என்கிறோம். மறு காதுக்கு நத்தை தன் தம்பியைக் கூப்பிட்டுக் கொடுத்தது.

அடுத்த தேன்காலம் வந்தது. கயிறு யார் கையில் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செவணன் அதை நஞ்சன் கையில் வைத்துவிட்டு இறங்கினான். வெகுநேரம் சத்தமே இல்லை. நஞ்சனுக்கு உயிரே இல்லை. அப்புறம் கீழேயிருந்து வந்தது: "கரடியைக் கண்டு பானையைப் போட்டு ஓடினது யாரு?"

நஞ்சன் அழுதுகொண்டே முழுப் பாட்டையும் கேட்டான்.

அன்று முதல்தான் எல்லோர் காதின் வாசலிலும் கிழிந்த கதவின் சின்னத் துண்டு மட்டும் நிற்கிறது. நாம் கண்ணை மூடித் தூங்கும்போதும், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், உள்ளே நத்தை கயிற்றை இழுக்கிறது.