ஆயிரம் சாட்சியும் ஆறு இலக்க எண்ணும்

ஒரு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு எம்.எஸ்ஸி. பட்டச் சான்றிதழ் படுத்திருந்தது. பௌதிகம், முதல் வகுப்பு. லேமினேஷன் வேறு. உடையவள் பெயர் வசுமதி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வசுமதியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, கல்லூரிக்கே போன் போட்டு விசாரித்தார். உண்மைதான் என்று தெரிந்ததும் எல்லாரும் கேசரி சாப்பிட்டார்கள். சான்றிதழ் பீரோவுக்குள் போயிற்று. அதோடு சரி.

ஒருநாள் பல்கலைக்கழகம், பழைய பட்டங்களையெல்லாம் பிளாக்செயினில் ஏற்றப்போவதாக அறிவித்தது. வசுமதி சமையலை முடித்த கையோடு விண்ணப்பம் போட்டாள். மொபைல் எண் கேட்ட கட்டத்தில் அவள் கை தானாகக் கணவன் நந்தகோபாலின் எண்ணை எழுதியது. காஸ் புக்கிங், ரேஷன் கார்டு, பிள்ளையின் ஸ்கூல் வேன் என்று எல்லாவற்றுக்கும் எழுதிப் பழகிய கை. அதற்கென்ன தெரியும்.

மறுவாரம் பீரோவுக்குள் ஒரு தலை நீண்டது.

"நான்தான் பிளாக்செயின். சங்கிலி என்றே கூப்பிடலாம்."

"எத்தனை பவுன்?" என்றது லாக்கரில் இருந்த இரட்டைவடம்.

சங்கிலி அதை மதிக்கவில்லை. சான்றிதழிடம் சொன்னது: "உன்னை ஆயிரம் கம்ப்யூட்டர்களில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று பொய் சொன்னாலும் மற்றதெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். இனி கிளார்க், பிரின்ஸிபால், பச்சை இங்க் கையெழுத்து என்று யார் வாசலிலும் நீ நிற்க வேண்டாம். உனக்கும் வேலை கொடுப்பவருக்கும் நடுவில் யாரும் இல்லை."

"ஒருத்தருமே இல்லையா?"

"ஒருத்தருமே."

சான்றிதழுக்கு லேமினேஷனுக்குள்ளேயே வியர்த்துவிட்டது.

அடுத்த மாதமே, இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளியில் பௌதிக டீச்சர் கேட்டார்கள். வசுமதி போய்ப் பாடம் நடத்திக் காட்டினாள். தலைமையாசிரியைக்குப் பிடித்துப்போயிற்று.

"டிகிரியை மட்டும் சரிபார்த்துட்டா ஆர்டர்தான் மேடம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள முடியலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட வேண்டியதுதான்."

மூன்றரைக்குப் பள்ளியின் கம்ப்யூட்டர் சங்கிலியிடம் விசாரித்தது. ஆயிரம் சாட்சிகளும் தொண்டையைச் செருமிக்கொண்டு வரிசையில் நின்றன.

"ஒரு நிமிஷம்," என்றது சங்கிலி. "உடையவரின் சம்மதம் வேண்டும். ஆறு இலக்க ஓடிபி அனுப்பியிருக்கிறேன்."

ஓடிபி மூச்சிரைக்க ஓடி, நந்தகோபாலின் சட்டைப் பையில் இருந்த போனுக்குள் குதித்தது. "சீக்கிரம் எழுப்பு. எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுசு."

"சார் மீட்டிங்கில் இருக்கிறார்," என்றது போன். "என்னை சைலண்டில் போட்டிருக்கிறார். நான் வாய் திறக்கக் கூடாது."

அந்த ஓடிபி செத்தது. அடுத்தடுத்து வந்தவையும் செத்தன. வசுமதி ஒன்பதாவது தடவை அழைத்தபோதுதான் நந்தகோபால் எடுத்தான். மணி நாலு ஐம்பது.

"என்ன வசு, இத்தனை மிஸ்டு கால்?"

"உங்க போன்ல இப்பதான் ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க. என் டிகிரியைச் சரிபார்க்கறாங்க."

"உன் டிகிரிக்கு என் போன்ல எதுக்கு வருது? ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்லேர்ந்து தினம் மெசேஜ் வருது, தெரியுமில்ல?"

"நான் யாரோவா?"

"அதுக்கில்லம்மா. உன்னை யாராவது ஏமாத்திடுவாங்க. நீ சும்மா இரு, சாயந்திரம் வந்து பார்க்கறேன்."

"அஞ்சு மணிக்குள்ள வேணுங்க. ஸ்கூல் வேலை."

"பன்னெண்டு வருஷமா இல்லாத அவசரம் இப்ப என்ன?" என்று வைத்துவிட்டான்.

ஐந்து அடித்தது. பள்ளியின் கம்ப்யூட்டர் அடுத்த பெயருக்குப் போயிற்று.

"நடுவில் ஒருத்தரும் இல்லை என்றாயே," என்றது சான்றிதழ்.

"இல்லைதான். நான் நேராக உடையவரைத்தானே கேட்டேன். அந்த எண் யார் கையில் இருக்கிறதோ, என் கணக்கில் அவர்தான் உன் உடையவர்."

ஆயிரம் சாட்சிகளும் நின்ற இடத்திலேயே நின்று, "உண்மை, முதல் வகுப்பு, உண்மை" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தன.

"அந்த எண்ணையாவது மாற்றித் தொலையேன்," என்றது சான்றிதழ்.

"தாராளமாக," என்றது சங்கிலி. "பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்பட்டுமா?"