கனெக்டருக்குள் ஒரு துண்டு ஒயர்

கோவை கணபதியில் ஜெசிந்தா டீச்சருக்கு ஒரு சின்னப் பட்டறை. கணினியையும் மெஷினையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் கேபிள்கள் அங்கே தயாராகும். அவரிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பன், மில் மூடியபின் சாலிடரிங் இரும்பைக் கையில் எடுத்தவர். சிஷ்யருக்கு மீசை நரைத்துவிட்டது, குருவுக்கு இன்னும் ஒரு நரைமுடி இல்லை. இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் கிடையாது.

அன்று டீ வந்தும் சென்னியப்பன் குடிக்கவில்லை.

"என்னாச்சுங்ணா?"

"வெள்ளிக்கிழமை தாரணிக்கு நிச்சயமுங்க டீச்சர். மெட்ராஸ்ல இருந்து போன்ல பேசினா 'ம்'ங்கறா, வெச்சுடறா. பெத்த பொண்ணு மனசுல என்ன இருக்குதுன்னே தெரியலீங்க. எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

டீச்சர் ஆறிப்போன டீயை ஓரமாக நகர்த்தினார்.

"நேத்து நீங்க செஞ்ச பிரிண்டர் கேபிளை எடுங்க. ஓட்டிப் பார்ப்போம்."

ஒரு நூல் குடோனுக்கான கேபிள் அது. கணினி அனுப்புகிற எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய பிரிண்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் பிரிண்டர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. முதல் சில வரிகள் ஜோர். அப்புறம் பாதிப் பெயர், பாதி எண். நடுவில் சில வரிகளையே காணோம்.

சென்னியப்பனின் முகம் சுருங்கிவிட்டது.

"கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சரியாத்தானுங்க அனுப்புச்சு."

டீச்சர் கணினிப் பக்கத்துக் கனெக்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு பின்களுக்கு நடுவே ஒரு துண்டு ஒயர், அழகாகச் சாலிடர் வைத்து ஒட்டப்பட்டிருந்தது.

"இது என்னங்ணா?"

"அதுங்களா? 'அனுப்பட்டுமா'ன்னு கம்ப்யூட்டர் கேக்கற பின் ஒண்ணு. 'அனுப்பு'ன்னு பிரிண்டர்கிட்ட இருந்து பதில் வாங்கற பின் ஒண்ணு. பதில் வராம அனுப்ப மாட்டேன்னு கம்ப்யூட்டர் அடம் பிடிச்சுதுங்க. அதான் ரெண்டையும் சேத்து ஒட்டிட்டேன். உடனே ஓடிருச்சு."

சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது அவர் குரலில்.

"பிரிண்டர் பாவம், மெதுவாத்தான் அடிக்குது. அதுக்கு வயிறு நெறஞ்சுட்டா 'கொஞ்சம் நில்லு'ன்னு எது வழியா சொல்லும்?"

"அதுக்கு ஒயரே இல்லீங்க."

"இப்ப 'அனுப்பட்டுமா'ன்னு கேட்டது யாரு?"

"கம்ப்யூட்டருங்க."

"சரின்னது?"

"அதுவும்... கம்ப்யூட்டர்தானுங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். அவருக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். தப்பைக் காட்டினால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளாத ஆள்.

"மாப்பிள்ளையைப் பத்தித் தாரணிகிட்ட எப்படிங்ணா கேட்டீங்க?"

"'நல்ல பையன் கண்ணு, உனக்குச் சம்மதந்தானே?'ன்னேனுங்க."

"அவ என்ன சொன்னா?"

சென்னியப்பன் அந்தத் துண்டு ஒயரையே பார்த்தார். கண்கள் கலங்கிவிட்டன.

"போன்ல அவ பதில் சொல்றதுக்குள்ள மாப்பிள்ளையோட அப்பா வீட்டுக்குள்ள வந்துட்டாருங்க. பொண்ணுக்குச் சம்மதம்னு நானே சொல்லிட்டேன்."

டீச்சர் கட்டரை அவர் பக்கம் நகர்த்தினார். சென்னியப்பன் அந்தத் துண்டு ஒயரை வெட்டி எடுத்தார். புது ஒயரைத் தேடப் போனவர் பாதியில் நின்று, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"கண்ணு, அந்தப் பையனை உனக்குப் பிடிச்சிருக்குதா? பிடிக்கலீன்னாலும் சொல்லு. அப்பா நிச்சயத்தை நிறுத்திடறேன்."

மறுமுனையில் பேச்சே இல்லை.

"இல்ல கண்ணு, பையன் குடும்பம்..." என்று ஆரம்பித்தார். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். சென்னியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பதிலே வரலீங்களே டீச்சர்."

"வெச்சுட்டாளா?"

"இல்லீங்க. அவ மூச்சு விடறது கேக்குது."

"கேட்டுட்டே இருங்ணா."