இரண்டு பச்சைப் பொடிகள்

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் செம்பூவன் என்ற கரடி மருத்துவமனை நடத்தி வந்தது. கைராசிக்கார டாக்டர் என்று அதற்குப் பெயர். தும்மும் எலி முதல் துதிக்கை வீங்கிய யானை வரை எல்லோரும் அதன் வாசலில்தான் வரிசை கட்டுவார்கள்.

ஒரு நாள் காலை ஒரு காகம் பறந்து வந்து கத்தியது. “டாக்டர்! நாளைக்கு ஆய்வாளர் வர்றாங்க! நாரையம்மா!”

செம்பூவனுக்கு ஒரே குஷி. அந்தக் காட்டில் வருடம் ஒரு முறை எல்லா மருத்துவமனைகளிலும் ஆய்வு நடக்கும். எல்லாம் சரியாக இருந்தால் வாசலில் பச்சை இலை கட்டுவார்கள். குறை இருந்தால் மஞ்சள் இலை. செம்பூவன் மூன்று வருடமாகப் பச்சை இலைதான் வாங்கியிருந்தது.

“பவளம்! கட்டிலைக் கழுவு! கட்டுத் துணியெல்லாம் கொதிக்க வை!”

நர்ஸ் பவளம் ஓர் அணில். அது வாலைச் சுருட்டிக்கொண்டு மெல்லக் கேட்டது. “டாக்டர், அந்த மான்குட்டி விஷயம்...”

“ஷ்ஷ்! அது முடிஞ்சு போன கதை.”

பத்து நாளைக்கு முன் நடந்தது அது. கோதை என்ற மான் காய்ச்சல் கண்ட தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அன்றைக்குக் கூட்டமான கூட்டம். காய்ச்சலுக்கு நிலவேம்புப் பொடி கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்தது நிலாவரைப் பொடி. அது வயிற்றைச் சுத்தமாகக் கழுவிவிடும் பேதி மருந்து. பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, நிறமும் ஒரே பச்சை, வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டையும் ஒரே மாதிரி. அவசரத்தில் செம்பூவன் நிலாவரையை அள்ளிக் கொடுத்துவிட்டது.

குட்டிக்கு வயிறு பிய்த்துக்கொண்டு போனது. மத்தியானத்துக்குள் துவண்டு, கண் சொருகிவிட்டது. செம்பூவன் பதறிப்போய் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, பக்கத்தை விட்டு நகராமல் இருந்து எப்படியோ பிழைக்க வைத்தது.

“என்ன ஆச்சு டாக்டர்?” என்று கோதை அழுதபோது செம்பூவன் சொன்ன பதில் இதுதான். “காய்ச்சல் இறங்கும்போது சில குட்டிகளுக்கு இப்படித்தான் ஆகும்மா.”

காகம் சொன்னபடியே மறுநாள் நாரையம்மா ஆய்வுக்கு வந்தது. நீண்ட கழுத்தை வளைத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தது. கட்டுத் துணியை முகர்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் அலகை விட்டுப் பார்த்தது. எங்கேயும் ஒரு தூசி இல்லை.

“தவறு ஏதாவது நடந்ததுண்டா டாக்டர்? மருந்து மாறினது, அளவு மாறினது?”

“ஒண்ணும் இல்லம்மா!” என்றது செம்பூவன். பவளம் தரையைப் பார்த்தது.

வரிசையில் குட்டியோடு நின்றிருந்த கோதை மான் முந்திக்கொண்டு பேசியது. “எங்க டாக்டர் கையில தப்பே நடக்காதும்மா! என் குட்டி செத்துப் பிழைச்சதே இவராலதான்!”

செம்பூவன் கோதையின் முகத்தைப் பார்க்காமல், அடுக்கிய கட்டுத் துணிகளையே மறுபடி அடுக்கத் தொடங்கியது.

நாரை கடைசியாக மருந்து அலமாரிக்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

“அடடா! எல்லாம் ஒரே அளவுச் சிரட்டை! எவ்வளவு அழகா அடுக்கியிருக்கீங்க! டாக்டர், பச்சை இலை உங்களுக்குத்தான். அது மட்டுமில்ல. காட்டுல இருக்கிற பதினாறு மருத்துவமனையிலும் மருந்தை இதே மாதிரிதான் அடுக்கணும்னு இன்னைக்கே உத்தரவு போடப் போறேன்!”

செம்பூவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாறு அலமாரி. ஒவ்வொன்றிலும் அருகருகே இரண்டு பச்சைப் பொடி. அங்கேயும் ஒரு நாள் கூட்டம் இருக்கும். அங்கேயும் யாரோ ஒருவர் அவசரமாகக் கையை நீட்டுவார். அங்கே வரும் குட்டி பிழைக்குமா?

நாரை அங்கேயே உத்தரவை எழுதிக் கொடுக்க, காகம் அதை எடுத்துக்கொண்டு பறக்கச் சிறகை விரித்துவிட்டது.

“நில்லு!” என்று செம்பூவன் கத்தியது. “அந்த உத்தரவு வேண்டாம்! நான் பொய் சொன்னேன்மா. இந்த அலமாரியாலதான் தப்பு நடந்துச்சு. கோதையோட குட்டிக்கு நான் மருந்தை மாத்திக் கொடுத்துட்டேன்.”

வரிசையில் நின்ற எலிகூடத் தும்மலை அடக்கிக்கொண்டது.

கோதை மெல்ல முன்னால் வந்தது. அதன் கண்கள் நிறைந்திருந்தன.

“என் பால் கெட்டுப் போச்சோன்னு நினைச்சேன் டாக்டர். நான் தின்ன புல்லுதான் விஷமாப் போச்சோன்னு பத்து நாளா அரை வயித்துக்குத் தின்னுக்கிட்டிருக்கேன். நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

செம்பூவன் அப்போதுதான் அதன் ஒட்டிய வயிற்றைக் கவனித்தது. மருந்து மாறியது அவசரத்தில் நடந்தது. அதை மறைத்தது அவசரத்தில் நடந்ததல்ல.

“தப்புதான்மா. மருந்து மாத்தினதைவிட உங்ககிட்ட மறைச்சதுதான் பெரிய தப்பு” என்று சொல்லித் தலை குனிந்தது.

கோதை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. குட்டியை அணைத்துக்கொண்டு, “இனிமே எந்த மருந்து கொடுத்தாலும் அது என்னன்னு சொல்லிட்டுக் கொடுங்க” என்றது.

நாரை பச்சை இலையைப் பைக்குள் திரும்ப வைத்து, மஞ்சள் இலையை எடுத்தது. “மூணு மாசம் இது வாசல்ல தொங்கணும். அதுக்கப்புறம் திரும்ப வருவேன்.”

“கொடுங்கம்மா, நானே கட்டுறேன்” என்றது செம்பூவன்.

பிறகு கரடியும் அணிலும் நாரையும் அலமாரி முன் உட்கார்ந்து யோசித்தன. பவளம்தான் வழி சொன்னது. “நிலவேம்பைப் பானையில வைப்போம். நிலாவரையை மூங்கில் குழாய்ல போட்டு எதிர்ச் சுவர்ல தொங்கவிடுவோம். கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலும் கைக்கு வித்தியாசம் தெரியும்!”

இந்த முறை காகம் பவளம் சொன்ன வழியைப் புது உத்தரவாக எடுத்துக்கொண்டு பறந்தது. எதற்காக இந்த மாற்றம் என்பதையும், செம்பூவன் கேட்டுக்கொண்டபடி, அதில் எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் கிழக்கு மலையிலிருந்து ஒரு குரங்கு டாக்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. அது செம்பூவனின் கைகளைப் பிடித்துக்கொண்டது.

“எங்கிட்டயும் இதே மாதிரி ரெண்டு தடவை மாறிப் போச்சு டாக்டர். எனக்கு மட்டும்தான் இப்படி நடக்குதுன்னு வெட்கப்பட்டு வாயே திறக்கல. நான் முதல் தடவையே சொல்லியிருந்தா உங்க ஊர் மான்குட்டிக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காதே!”

தன் தவறை ஒளித்துவைப்பவர் அதே தவறு இன்னொருவரிடமும் நடக்க வழிவிடுகிறார். அதைத் துணிந்து சொல்பவரோ முகம் தெரியாதவர்களையும் காப்பாற்றுகிறார்.