துண்டு போட்ட ஊர் டிக்கெட் போட்ட கதை

சொக்கட்டான்விளைக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அது வயிற்றெரிச்சலில் சொல்வது. மூளை நிறையவே உண்டு. செலவு பண்ணத்தான் மனசு வராது. பத்திரமாக வைத்திருந்து, கோயில் கொடை விழா முடிந்த மறுவாரம் நடக்கிற ஊர் நாடகத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள்.

அந்த நாடகத்துக்கு இடம் பிடிக்க ஒரே வழி துண்டு. நாற்காலி மேல் துண்டு விழுந்துவிட்டால் அது துண்டுக்காரர் நாற்காலி. மழை நனைத்தாலும் சரி, ஆடு வந்து பாதியை மென்றுவிட்டுப் போனாலும் சரி, மீதித் துண்டுக்கு உள்ள மரியாதை குறையாது. போன வருஷம் துண்டு போட்டவர்களெல்லாம் வீட்டுக்குச் சாப்பிடப் போய் அங்கேயே அசந்து தூங்கிவிட்டார்கள். முன் வரிசை முழுக்கத் துண்டுகள் உட்கார்ந்து நாடகம் பார்த்தன. ஊர் ஜனம் பின்னால் நின்று பார்த்தது. ஒருத்தரும் துண்டைத் தொடவில்லை. ஊர்க் கட்டுப்பாடு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி பேச்சித்தாய். நாடக சங்கச் செயலாளர் தங்கப்பழத்தின் மனைவி. தங்கப்பழத்துக்கு உரக்கடை. நாடகத்தில் ராஜா. கல்யாணமான வருஷத்திலிருந்து அவர்தான் ராஜா. பேச்சித்தாயும் அந்த வருஷத்திலிருந்து பின்னால்தான் நிற்கிறாள்.

"கிரீடத்தத் தவிர நான் என்னத்தப் பாத்தேன்?" என்றாள். "கிரீடம் வருசம் பூரா நம்ம பரண்லதான கெடக்கு. அதப் பாக்க நான் மைதானம் வரைக்கும் வரணுமா?"

"ஏளா, கூட்டம் அப்படி."

"முன்னால ஒரு துண்டப் போட்டு வைக்கதுக்கு என்ன?"

"ஏளா, நான் ராஜா. ராஜா போயி துண்டு போட்டா நல்லாவா இருக்கும்?"

பேச்சித்தாய் பரணை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வருஷம் முன் வரிசையில் உட்கார்ந்து தலை முதல் கால் வரை ராஜாவை முழுசாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கிரீடத்தை எடைக்குப் போட்டுவிடுவேன் என்று மட்டும் சொன்னாள்.

தங்கப்பழத்துக்குத் தெரியும்: பேச்சித்தாய் சொன்னால் செய்கிறவள். உரக்கடையில் யூரியா வாங்க வருகிறவர்கள் 'அண்ணாச்சி' என்பார்கள், அதோடு சரி. 'மன்னா' என்று ஒருவன் கூப்பிடுவது வருஷத்தில் அந்த ஒரு பொழுதுதான். அதையும் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மனுஷன் எதற்கு உயிரோடு இருப்பது?

சங்கத்தைக் கூட்டினார். தலைவர் ஆவுடையப்பன், நாடகத்தில் மந்திரி. பொருளாளர் குத்தாலம், எதிரி நாட்டு ராஜா. மற்றவர்கள் படைவீரர்கள்.

"இனிமே துண்டு கிடையாது. டவுன்ல போடுத மாதிரி ஆன்லைன்ல டிக்கெட் போடணும். யாருக்கு எந்த நாற்காலின்னு முன்கூட்டியே தெரிஞ்சிரும்" என்றார் தங்கப்பழம்.

குத்தாலம் யோசித்தார். "அந்த லைன் எங்க இருக்கு?"

"அது கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத இடத்துல துண்டு போட முடியாதுலா. அப்ப நல்ல திட்டம்தான்" என்றார் ஆவுடையப்பன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஜெபக்கனியிடம் போனார்கள். ஜெபக்கனி வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதனால் எதையும் ஒரே தடவையில் சொல்லிவிட்டால் போதும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். நாற்காலிகளைப் படமாகப் போட்டு, நம்பர் கொடுத்து, டிக்கெட்டுக்கு ஒரு பக்கம் தயார் பண்ணிவிட்டாள்.

"வெள்ளிக்கிழம காலைல திறக்கும் அண்ணாச்சி. ஊர்ல சொல்லிருங்க. அதுக்கு முன்னால நாளைக்கி சோதனைக்கு ஒரு டிக்கெட் போட்டுப் பாப்போம்."

ஊரில் சொன்னார்கள். மறுநாள் ஜெபக்கனி கடைக்கு வந்தபோது, பெருக்க வந்த அம்மாள் கதவைத் திறந்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் துண்டுகள் குவிந்து கிடந்தன. வெள்ளை, காவி, சிவப்புக்கரை, ஆடு மென்ற பாதித் துண்டு எல்லாம் இருந்தன.

"வெள்ளிக்கிழமைக்கு இடம் பிடிச்சிருக்கோம் தாயி. அடில கிடக்குதது என் துண்டு. நான்தான் மொதல்ல வந்தேன்" என்றார் குத்தாலம்.

ஜெபக்கனி துண்டுகளை எடுத்துத் திண்டாடி, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்து, சோதனையை ஆரம்பித்தாள். எந்த நாற்காலியைச் சோதிப்பது என்று பேச்சு வந்தது.

"சோதனைக்குப் போயி முன் வரிசைய வீணாக்கணுமா? கடைசி வரிசைல போடு" என்றார் ஆவுடையப்பன். ஜெபக்கனிக்கே அது நியாயமாகப் பட்டது. தங்கப்பழம் பேரில் கடைசி வரிசையில் ஒரு டிக்கெட் போட்டாள். அச்சடித்து வந்துவிட்டது.

"வேல செய்யுது. போதும்" என்றாள்.

"அவருக்கு வேல செஞ்சிது, சரி. எனக்குச் செய்யும்னு என்ன நிச்சயம்?" என்று குத்தாலம் கேட்டார். "போன மாசம் ரெண்டு பேருக்கும் காய்ச்சல். ஒரே மாத்திர. அவருக்கு விட்டுது, எனக்கு விடலியே!"

ஆகவே குத்தாலத்துக்கும் போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஆவுடையப்பனுக்கு. பிறகு படைவீரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் வேலை செய்தது. கடைசி வரிசை தீர்ந்தது.

"சோதனைதான, எல்லாத்தையும் அழிச்சிருதேன்" என்றாள் ஜெபக்கனி.

"அழிக்கவா!" ஆவுடையப்பன் நெஞ்சில் கை வைத்தார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவர் பேர் அச்சில் வந்தது அன்றைக்குத்தான். "பேரு போட்டு வந்தத அழிக்கது நல்லதில்ல தாயி." படைவீரர்கள் கண் கலங்குவதைப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள்.

போகும்போது ஒரு நல்ல சேதி சொன்னாள். "இதுல பெரிய சௌரியமே, எல்லாரும் வீட்டுல இருந்தே டிக்கெட் போடலாம்."

இதுதான் ஊரைப் புரட்டிப் போட்டது. சொக்கட்டான்விளையில் எந்த வீட்டிலும் போனில் சிக்னல் கிடைக்காது. சிக்னல் இருப்பது தண்ணீர் டேங்கின் அடியில் மட்டும். சங்கம் மறுபடியும் கூடியது.

"டேங்குக்கு அடில இருந்து போட்டா என்ன?" என்றார் தங்கப்பழம்.

"வீட்டுல இருந்துன்னு அந்தப் புள்ள தெளிவாச் சொல்லிச்சே. டேங்கு வீடா?" என்றார் குத்தாலம்.

"வீடுன்னா என்னவே? கூரையா? டேங்கு மேல இருக்கு, கூரைதான்."

"கூரை இருந்தா வீடாயிருமா? பஸ் ஸ்டாண்டுக்கும்தான் கூரை இருக்கு."

 பிறகு ஆவுடையப்பன் எழுந்தார். மந்திரி வேஷம் சும்மா வந்ததில்லை. "பால் காய்ச்சினா வீடு" என்றார்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை காலையில் ஊர் முழுக்க ஸ்டவ்வும் பால்சட்டியுமாக டேங்குக்கு அடியில் வந்து இறங்கியது. மாவிலை கட்ட இடம் போதவில்லை. கிழக்கே பார்த்து அடுப்பு வைக்கத் தள்ளுமுள்ளு நடந்தது. பேச்சித்தாய் பாலும் கொஞ்சமாக ஊற்றி, தீயையும் கூட்டி வைத்ததால் அவள் சட்டிதான் முதலில் பொங்கியது. பொங்கிய கையோடு குடியேறி, போனை எடுத்து, முதல் வரிசையில் நட்டநடு நாற்காலியைப் போட்டுவிட்டாள்.

தங்கப்பழத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்து அடுப்புப் பாலை வாங்கிக் குடித்துவிட்டு, தன் ஊரில் இப்படி ஒரு காரியம் நடந்துவிட்டதே என்று டேங்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஜெபக்கனி அன்றைக்கே அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். தம்பிக்குப் பெண் பார்க்கிறார்களாம். நாடகத்துக்கு இருக்க முடியாது. பஸ் ஏறுமுன் தங்கப்பழத்தைக் கூப்பிட்டு அழுத்தமாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. டிக்கெட் இருக்கவங்க அவங்கவங்க நாற்காலிலதான் உக்காரணும். யாருக்காகவும் மாத்தாதீங்க. சங்கத்துக்காரங்க நீங்களே மாத்தினா அப்புறம் ஊரே மாத்தும்."

"உயிரே போனாலும் மாத்த மாட்டோம் தாயி" என்றார் தங்கப்பழம்.

நாடகத்தன்று சாயங்காலம் மைதானம் பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. ஒரு துண்டு இல்லை. அவரவர் நாற்காலியில் அவரவர். முதல் வரிசை நடுவில் பேச்சித்தாய் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். தங்கப்பழம் திரைச்சீலை ஓட்டை வழியாக அவளைப் பார்த்து மீசையை இன்னொரு தடவை ஒட்டிக்கொண்டார். இன்றைக்கு முழுசாகப் பார்க்கப் போகிறாள் என்று கிரீடத்தையும் ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் குத்தாலம் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார். எதிரி நாட்டு ராஜாவின் உடைவாள் தரையில் இழுபட்டது.

"அண்ணாச்சி, கடைசி வரிச பூரா காலியாக் கெடக்கு!"

"அது யாரு இடம்?"

"நம்ம இடம்லா! நம்ம பேருலதான டிக்கெட் இருக்கு."

ஒப்பனை போட்ட முகங்கள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்தன.

"டிக்கெட் இருக்கவங்க அவங்கவங்க நாற்காலில உக்காரணும்" என்று ஆவுடையப்பன் மெல்லச் சொன்னார். "சங்கத்துக்காரங்க நாமளே மாத்தினா ஊரே மாத்தும்."

"நாம போகலன்னா என்ன ஆகும்?" என்று ஒரு படைவீரன் கேட்டான்.

"காலி நாற்காலிய எவ்வளவு நேரம்டே சும்மா விடுவான்? எவனாவது துண்டப் போட்டுருவான்" என்றார் ஆவுடையப்பன்.

 இவ்வளவு பாடுபட்டு ஒழித்த துண்டு! வேறு வழி இல்லை. ராஜா, மந்திரி, எதிரி, படைகள் எல்லோரும் பின்பக்கமாகச் சுற்றிப் போய்க் கடைசி வரிசையில் நம்பர் பார்த்து உட்கார்ந்தார்கள்.

திரை விலகியது. மேடையில் அரண்மனை இருந்தது. நடுவில் சிம்மாசனம் இருந்தது. ஆள் இல்லை. ஊர் ஜனம் மூச்சுவிடாமல் பார்த்தது. அரண்மனை போன வருஷத்தைவிட நன்றாக இருப்பதாக ஒருவர் சொன்னார். ராஜா வேட்டைக்குப் போயிருப்பார் என்றார் இன்னொருவர். ஆர்மோனியக்காரர் ராஜா வருகிற பாட்டை வாசித்தார். யாரும் வரவில்லை. மறுபடி வாசித்தார்.

மூன்றாம் தடவை வாசித்தபோது தங்கப்பழத்தால் தாங்க முடியவில்லை. உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. எழுந்திருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! தன் நாற்காலிக்கு நேராக எழுந்து நின்று, "மந்திரி! மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று முழங்கினார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து மந்திரி எழுந்தார். "பொழிகிறது மன்னா!"

ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாடகம் பின்னால் நடக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் எழுந்து, நாற்காலியை அதே இடத்திலேயே பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் இடம் மாறவில்லை. ஜெபக்கனி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

முதல் வரிசை கடைசி வரிசை ஆயிற்று. பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். அத்தனை தலைகளுக்கும் அப்பால் கிரீடம் மட்டும் தெரிந்தது.

 எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். பின்னால் ஆளில்லாத மேடை உயரமாக இருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். சிம்மாசனத்தை முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து கிரீடம், மீசை, மேலாடை, இடைக்கச்சை, காலில் கழற்ற மறந்த ரப்பர் செருப்பு வரை எல்லாம் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனை ராஜாவாக முழுசாகப் பார்த்தாள்.

தங்கப்பழமும் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்துக்கொண்டே நின்றார். ஆனால் எதிரி நாட்டு ராஜா எழுந்து, "சிம்மாசனத்தை விட்டுக்கொடுக்கிறாயா, இல்லையா?" என்று கேட்டுவிட்டார். வசனத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"என் உயிர் உள்ளவரை என் சிம்மாசனத்தில் இன்னொருவர் அமர முடியாது!"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க!" என்று சிம்மாசனத்திலிருந்து குரல் வந்தது. "பாக்கதுக்கு ரொம்ப நல்லாருக்கு. கேக்கத்தான் இல்ல."

குத்தாலம் சண்டையை நிறுத்திவிட்டு, தன் இடத்திலிருந்தே கேட்டார்: "தாயி, அந்த நாற்காலிக்கு உன் கைல டிக்கெட் இருக்கா?"

"இதுல நம்பரே இல்லியே அண்ணாச்சி."

சங்கம் கடைசி வரிசையிலேயே அவசரமாகக் கூடியது. நம்பர் இல்லாத நாற்காலிக்கு டிக்கெட் கேட்க முடியாது என்று முடிவானது. பிறகு போர் தொடர்ந்தது. இரண்டு ராஜாக்களும் நாற்காலியை விட்டு நகராமல் வாளுக்கு எட்டிய மட்டும் சண்டை போட்டார்கள். பேச்சித்தாய் கடைசிவரை கை தட்டினாள். கிரீடம் பிழைத்தது.

மறுநாள் காலையில் பந்தல் பிரிக்க வந்தவர்கள் மேடையில் ஏறி, அப்படியே நின்றுவிட்டார்கள். அடுத்த வருஷ நாடகத்துக்கு இடம் பிடித்து, சிம்மாசனத்தின் மேல் ஒரு துண்டு கிடந்தது. உரக்கடை வாசம் அடித்தது. பேச்சித்தாய்க்காக ராஜா போட்டதுதான், சந்தேகமே இல்லை.

பந்தல்காரர்கள் துண்டைத் தொடாமல் அதைச் சுற்றிலும் மேடையைப் பிரித்தார்கள். சிம்மாசனம் இன்னும் மைதானத்தில்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் ராஜா எங்கே உட்காருவார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஊர்க்காரர்களுக்கு அதில் குழப்பம் கிடையாது. அவருக்குத்தான் கடைசி வரிசையில் டிக்கெட் இருக்கிறதே!