வெட்டுக்கிளி விருந்து

"யார் வந்தாலும் இலை நிறையப் போடறனுங்க. ஒருத்தரும் ரெண்டாந்தரம் வர்றதில்லை."

நாச்சிமுத்து இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த சாமியாரம்மாவுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. ஊருக்கு வெளியே, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், கோயில் மாடுகளைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார்.

நாச்சிமுத்துவும் தனிதான். ஆனால் அது அவர் கேட்டு வாங்கியதில்லை. மனைவி இறந்துவிட்டார். மகன் கோபித்துக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. அவ்வளவு பெரிய வீட்டில் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தால் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

நாளை மறுநாள் மகன் வருகிறான். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

"அவனுக்கு என்ன ஆக்கிப் போட்டா இருப்பான், சொல்லுங்கம்மா."

"போன தடவை என்ன போட்டீங்க?"

நாட்டுக்கோழி, நெய், பணியாரம் என்று அடுக்கினார். பிறகு குரல் தணிந்தது.

"நெய் ஊத்தறப்ப ஒரு பேச்சு சொன்னேன். உன் சம்பாத்தியத்துல இப்படி நெய்யைக் கண்டிருப்பியாடான்னு. ஒரே ஒரு பேச்சுதானுங்க. பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டான்."

சாமியாரம்மா மேய்ச்சல் காட்டைக் காட்டினார். கொழுக்கட்டைப் புல் பாதிக்குமேல் வெறும் குச்சியாக நின்றது. கால் வைத்த இடமெல்லாம் வெட்டுக்கிளி எகிறியது. இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

கேட்டது விவசாயியிடம். மனுஷன் துக்கத்தை மறந்து வேட்டியை மடித்துக் கட்டினார். மாடுகளைப் பக்கத்துக் காட்டுக்கு ஓட்டிப் படலைச் சாத்தினார். கடைவீதிக்குப் போய்த் தவிடும் வெல்லமும் பூச்சி மருந்தும் வாங்கிவந்தார். கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு பிசைந்தார்.

"வெல்லம் எதுக்குங்க?"

"வெறும் மருந்தை வச்சா வருமுங்களா? இந்த வாசத்துக்குத்தான் வரும்."

"இவ்வளவு வெல்லத்துக்கு இத்துனூண்டு மருந்துதானுங்களா?"

"அது போதுமுங்க."

எங்கேயும் குவியல் விழாமல் காடு முழுக்கத் தூவினார். மாடுகளை இன்னும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தார். புல்லின் அடியில் வெட்டுக்கிளிகள் செத்துக் கிடந்தன. நடந்தபோது எதுவும் எகிறவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சாமியாரம்மா பின்னாலேயே வந்தார்.

"நேத்து விருந்துக்கு வந்ததுல ஒண்ணாவது இன்னைக்கு வந்துதுங்களா?"

நாச்சிமுத்து சிரித்தார். "அதைத் தின்னது எப்படிங்கம்மா திரும்பி வரும்?"

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

காட்டில் ஒரு சத்தமும் இல்லை. தன் வீட்டுக்குள் தினமும் கேட்கிற அமைதி இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. நெய்யோடு சேர்த்து ஊற்றிய அந்த ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நாளைக்கு மகன் வர்றாருல்லங்க. என்ன போடப்போறீங்க?"

நாச்சிமுத்து கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சோறு மட்டும் போடறனுங்க."