இசக்கிராஜா வெட்டிப் போட்டது

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் கண்ணுக்கு வந்தால், அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். கோமதி சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வருகிறவள். பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடை மாடியில் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, பிள்ளைகளுக்குத் துப்பாக்கிச் சண்டை சொல்லிக்கொடுக்கிறாள். நிஜச் சண்டை இல்லை. திரைக்குள்ளே ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆடுவது. இதற்கும் மாநிலப் போட்டி, கோப்பை எல்லாம் உண்டு. சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுப் பையனைக் கேளுங்கள். பெண்ணைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவள் ஆடினாலும் சொல்ல மாட்டாள்.

சீடன் பெயர் இசக்கிராஜா. அணியின் கேப்டன். கோமதியைப் போலத் தானும் பயிற்சியாளராக வேண்டும் என்று அவளிடமே தொழில் கற்றுக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன். ரொம்ப நல்ல பையன் என்றும் எல்லோரும் சொன்னார்கள். அவனும் அதை நம்பினான்.

அன்று காலை அவன் படியேறி வந்த தடதடப்பிலேயே கோபம் கேட்டது. முந்தைய நாள் ஜெபமலர் அணியை விட்டுப் போய்விட்டாள். சென்னையில் மாநிலப் போட்டி நெருங்கிவிட்டது. ஜெபமலர்தான் அணிக்குக் கண். முன்னால் ஓடிப்போய், எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று பார்த்து மைக்கில் சொல்வது அவள் வேலை. அதைக் கேட்டுத்தான் மற்ற நான்கு பேரும் நகர்வார்கள். அவள் இல்லாமல் சென்னைக்கு ரயிலேறுவது வெட்டிச் செலவு.

அவள் போனதற்கு ஊரறிந்த காரணம் ஒன்று இருந்தது. இரண்டு அணிக்கும் கேட்கிற பொது மைக்கில் அவள் வாயைத் திறந்தால் போதும், எதிரணியில் முகம் தெரியாத எவனாவது ஆரம்பித்துவிடுவான். பாத்திரம் கழுவியாச்சா என்பான். ராத்திரிக்கு என்ன ரேட்டு என்பான். போன மாதம் ஒரு மகராசன் அவள் முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிப் பல குரூப்புகளுக்கு அனுப்பினான். அது சுற்றிச் சுற்றி அவளுடைய சர்ச் ஆட்கள் கைக்கே வந்து சேர்ந்தது. அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தோற்றவன் வாயிலிருந்து சாக்கடை வந்தால் அதற்குப் பெயர் கலாய்ப்பு. அவள் திருப்பிக் கேட்டால், அவளுக்கு விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லையாம். வயிறு எரிகிறது.

அணிப் பையன்கள் அப்படியெல்லாம் பேச மாட்டார்கள். அவர்கள், கண்டுக்காதே ஜெபா என்றார்கள். அத்தோடு அவர்கள் கடமை முடிந்தது. இசக்கிராஜா மட்டும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு புகார் எழுதிப் போட்டான்.

இசக்கிராஜா வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"அவளுக்குக் கொஞ்சம் தோலு தடிக்கணும்க்கா. அதுக்கு என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

கோமதி டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். அவள் ஆட வந்த காலத்திலும் இதே வாய்கள்தான், இதே பேச்சுதான். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அண்ணன் பெயரில் விளையாட்டுக்குள் நுழைந்தாள். மைக்கைத் தொடவே இல்லை. வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் ஆடினாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் மதுரையில் நடந்த ஒரு போட்டியில் வென்றாள். மேடையில் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்க் கைகுலுக்கினான்.

"என் தோலு நல்லாத்தான் தடிச்சுது," என்றாள் கோமதி. "கோப்பை அண்ணன் வீட்டு ஷோகேஸ்ல இருக்கு."

இசக்கிராஜா, அது பழைய காலம் என்றான். இப்போது நாங்களெல்லாம் இருக்கிறோம், அவள் பக்கம் நிற்கிறோம் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே வேகம் பிடித்தது. அவளைப் பேசினவன் எவன் என்று மட்டும் தெரிந்தால் போதும், அவன் எந்த ஊராக இருந்தாலும் தேடிப்போய்ப் பல்லைத் தட்டிவிட்டுத்தான் மறுவேலை என்றான். உண்மையிலேயே போயிருப்பான். நடிப்பில்லை.

"நேத்து சாயங்காலம் அவ எங்க வீட்டுக்கு வந்தா," என்றாள் கோமதி. "ஆட்டத்த விடலைன்னுட்டா. இந்த டீமைத்தான் விட்டிருக்கா. எதனாலன்னு கேட்டேன். ஒரு பேரு சொன்னா."

"ஒரு பேரா? எத்தன பேரு பேசியிருக்கானுவ."

"ஒரே ஒரு பேருதான்."

"யாருக்கா அது?"

"கழிவை எடு," என்றாள் கோமதி.

கழிவு என்பது அந்த மாடியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு ஆட்டத்தையும் குரல்களோடு பதிவு செய்து, மறுநாள் அணி முழுக்க உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார்கள். யார் எங்கே தவறினார்கள் என்று அதில் தெரிந்துவிடும். ஓட்டுவதற்கு முன்னால் தேவையில்லாததை வெட்டிவிடுவது இசக்கிராஜாவின் வேலை. இருமல், தண்ணீர் குடிக்கும் இடைவெளி, எதிரணியின் கெட்ட வார்த்தை எல்லாம் போய்விடும். எதையும் அழிக்கக் கூடாது என்று கோமதி சொல்லியிருந்ததால், வெட்டியதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓர் ஓரத்தில் போட்டு அதற்குக் கழிவு என்று பெயர் வைத்திருந்தான்.

கெட்ட வார்த்தையை வெட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமையே உண்டு. அந்தப் பெண் ஒருமுறை கேட்டது போதாதா, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து இன்னொரு முறை கேட்க வேண்டுமா என்று நினைத்துத்தான் செய்தான். யாரும் சொல்லித்தரவில்லை. தானாகத் தோன்றிய நல்லெண்ணம்.

முந்தைய நாள் கோமதி தென்காசி போயிருந்தாள். ஆட்டத்தை ஓட்டிக் காட்டும் பொறுப்பு இசக்கிராஜாவுக்கு வந்தது. கடைசிச் சுற்றில் வலப்பக்க மாடியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து, அணி மொத்தத்தையும் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். அங்கே ஆள் இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று ஜெபமலரைக் கேட்டான். சொன்னேன் என்றாள். திரும்ப ஓட்டினான். அவள் குரல் இல்லை. எங்கே சொன்னாய், காட்டு என்றான். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கேப்டன் இல்லையா.

நான் சொன்னேன் என்று மறுபடியும் சொல்லிவிட்டு, மற்ற மூன்று பையன்களின் முகத்தையும் பார்த்தாள். ஒருவன் மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இப்போது அதே மேசையில், அதே ஹெட்செட்டை எடுத்து கோமதி அவனிடம் நீட்டினாள். தனக்கு இன்னொன்றை மாட்டிக்கொண்டாள். கழிவில் கடைசிச் சுற்றைத் தேடி அவன் ஓட்டினான்.

முதலில் பொது மைக்கில் எதிரணிக்காரன் ஒருவனின் குரல். ஜெபமலர் பேசுவதைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டினான். பிறகு அவள் படுக்கையில் எப்படி முனகுவாள் என்று நடித்தான். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அதன்மேல் வேறு சத்தங்கள். அந்தச் சத்தங்களுக்கு அடியிலிருந்து ஒரு குரல், பதறாமல், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"வலது மாடியில ரெண்டு பேரு. இசக்கி, வலது மாடி. ரெண்டு பேரு இறங்குதானுவ. இசக்கி, கேக்குதா?"

அப்புறம் துப்பாக்கிச் சத்தம்.

இசக்கிராஜாவின் முகம் செத்துப்போனது.

"சொல்லியிருக்காக்கா."

"சொல்லியிருக்கா."

கெட்ட வார்த்தையை வெட்டும்போது அதோடு சேர்ந்து அவள் குரலும் போய்விட்டது என்று அவனுக்குப் புரிந்தது. கவனிக்காமல் செய்துவிட்டேன், என் தப்புதான் என்று படபடவென்று சொன்னான். இப்போதே அவள் வீட்டுக்குப் போகிறேன், அவள் அப்பா முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன், பையன்களையும் கூட்டி வைத்து இதை ஓட்டிக் காட்டுகிறேன் என்றான். தப்பு பிடிபட்டுவிட்டதில் அவனுக்கு லேசாக ஒரு நிம்மதிகூட வந்தது. கை தவறி நடந்ததுதானே, சரிசெய்துவிடலாம். வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

"அவ சொன்னது இவன் பேரைத்தானக்கா? இந்த நடிச்சுக் காட்டுன நாயி?"

"அவன் பேரு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கோமதி. "உக்காரு. இன்னொரு தடவ ஓட்டு. அவனைக் கேக்காத. அவளையும் கேக்காத. மிச்சத்தைக் கேளு."

ஓட்டினான்.

எதிரணிக்காரன் முனகத் தொடங்கியதும் ஒரு சிரிப்பு கேட்டது. முதலில் மூக்கால் வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வாய்விட்டு வெடித்தது. மூச்சு வாங்கி, திரும்பவும் சிரித்தது. முடிகிற இடத்தில் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அந்த விக்கலை வைத்து அணிப் பையன்கள் இசக்கிராஜாவைக் கேலி செய்யாத நாளில்லை. ஜெபமலரும் கேலி செய்திருக்கிறாள், சேர்ந்து டீ குடித்த நாட்களில். அந்தச் சிரிப்பு ஓயும்வரை அவள் வலது மாடி, வலது மாடி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இசக்கிராஜா பதிவை நிறுத்தினான்.

வெட்டும்போது இதையும் கேட்டுத்தானே வெட்டியிருக்கிறாய் என்று கோமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனிடம் ஏதாவது பதில் இருந்திருக்கும்.

"இந்தச் சிரிப்பு எதிர் டீமுக்குக் கேக்குமா?" என்றாள்.

"கேக்காது. டீம் மைக்கு. நம்ம அஞ்சு பேருக்குத்தான் கேக்கும்."

"அவ காதுல?"

அவன் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். காது சிவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் வந்தது, குற்றவாளிக் கூண்டில் தவறாக ஏற்றப்பட்டவனுக்கு வருகிற மாதிரி. முகம் தெரியாத அத்தனை பேர் அத்தனை அசிங்கம் பேசியிருக்கிறார்கள். ஒட்டுவேலை செய்து படம் அனுப்பியவன் எங்கோ சொகுசாக உட்கார்ந்திருக்கிறான். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு, கூடவே இருந்து, புகார் எழுதிப் போட்டு, ராத்திரியானால் வீடுவரை கொண்டுபோய் விட்ட தன் பேரையா சொன்னாள்?

"நான் அவள ஒரு வார்த்த சொல்லலியேக்கா. சிரிக்கத்தான செஞ்சேன்."

கோமதி தன் ஹெட்செட்டையும் கழற்றி அவனுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவளும் அதைத்தான் சொன்னா."